ரீலோடிங் பிரஸ்ஸை நாமே மேம்படுத்தலாம்: எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது

சுட்ட தோட்டாவின் காலி உறையை மறுபடி நிரப்பிப் புதுத் தோட்டாவாக்கும் கைக்கருவிதான் ரீலோடிங் பிரஸ். கடையில் வாங்கிய பிரஸ் எதுவானாலும், பெட்டியைப் பிரித்துப் பொருத்திய முதல் வாரத்திலேயே "இதை இப்படி மாற்றினால் என்ன?" என்ற யோசனை வந்துவிடும். மேசை ஆடுகிறது. கேஸுக்குள் (தோட்டாவின் பித்தளை உறைக்குள்) இருட்டாக இருக்கிறது. வெளியே தள்ளப்பட்ட பழைய பிரைமர்கள் (கேஸின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகள்) தரையெங்கும் சிதறுகின்றன. கைப்பிடி உள்ளங்கையை அறுக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு டிரில், ஒரு அரம், கொஞ்சம் பிளைவுட், நாலைந்து நட்டு போல்ட் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

ஆனால் எல்லா மாற்றமும் மேம்பாடு ஆகாது. என் அளவுகோல் ஒன்றுதான்: செய்கிற மாற்றம் உங்கள் கண்ணுக்கு இன்னும் அதிகம் காட்ட வேண்டும், அல்லது கைக்கு இன்னும் அதிகம் உணர்த்த வேண்டும். வேகத்தைக் கூட்டி, இந்த இரண்டில் ஒன்றை மழுங்கச் செய்யும் எதுவும் பிரஸ்ஸுக்கு வேண்டாம். கீழே வரும் வேலைகள் எல்லாமே இந்தச் சல்லடையில் சலித்தவை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டாக்களை மறுபடி நிரப்புவது பல நாடுகளில் உரிமம் வேண்டிய வேலை. சில இடங்களில் தனிநபருக்கு அனுமதியே கிடையாது. நீங்கள் இருக்கும் இடத்தில் அனுமதி உண்டா என்று உறுதி செய்துகொண்டவர்களுக்கும், அடிப்படை ரீலோடிங் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கும்தான் இந்த வழிகாட்டி. எவ்வளவு பவுடர் (வெடிமருந்து), எந்தத் தோட்டாவுக்கு என்ற கணக்கு எதுவும் இதில் வராது. அதற்கு பவுடர் தயாரிப்பாளர்களின் கையேடுதான் இடம்.

முதலில், தொடக் கூடாதவை

மாற்றக் கூடாதவற்றை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. ஆர்வம் சூடாக இருக்கும்போது இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள்.

பிரைமர் குழாய் முதலாவது. ஒரே இழுப்பில் பல கேஸ்களில் வெவ்வேறு வேலையைச் செய்யும் புரோகிரசிவ் பிரஸ்களில் பிரைமர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரு நெடுங்குழாயில் அடுக்கி நிற்கும். கீழே ஒன்று வெடித்தால் அந்தத் தீ அடுத்ததைப் பற்றி, அடுத்தது அதற்கு அடுத்ததைப் பற்றி, மொத்த அடுக்கும் ஒரே நொடியில் போகலாம். அதற்காகத்தான் சில பிரஸ்களில் அந்தக் குழாயைச் சுற்றிக் கனமான எஃகு உறை இருக்கிறது. வெடிப்பின் வேகத்தைப் பக்கவாட்டில் விடாமல் மேல்நோக்கித் திருப்பிவிடுவது அதன் வேலை. அந்த உறையைக் கழற்றுவது, பிளாஸ்டிக் குழாயால் மாற்றுவது, பிரைமர் நகரும் பாதையில் வீட்டில் அச்சடித்த பாகத்தைச் செருகுவது, இவை எதுவும் கூடாது. பிரைமர் தடையில்லாமல் இறங்க வேண்டும் என்றால் குழாயைக் காய்ந்த துணியால் துடைத்துச் சுத்தமாக வையுங்கள், போதும். அங்கே எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் பட்ட பிரைமர் செத்துப்போகலாம்.

இரண்டாவது, கேஸுக்குள் பவுடரை அளந்து கொட்டும் பவுடர் அளவையைப் பழைய நிலைக்குத் திருப்பி இழுக்கும் கம்பி. பார்த்தால் தேவையில்லாத உதிரி மாதிரி இருக்கும், கழற்றினால் பிரஸ் லேசாக ஓடுவது போலவும் தோன்றும். ஆனால் அது இல்லாவிட்டால் அளவை முழுதாகத் திரும்பாமல் நின்று, அடுத்த கேஸுக்கு அரைகுறையாகக் கொட்டவோ கொட்டாமலே விடவோ வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, ராம் (கேஸை மேலே ஏற்றும் தண்டு), அதைத் தாங்கும் துளை, டை (கேஸ் நுழைந்து உருப்பெறும் எஃகு அச்சு) ஏறும் மரை. பெரும்பாலான பிரஸ்களில் டை மரை 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 இழையும் கொண்டது. அதை வீட்டில் இருக்கும் மரை வெட்டும் கருவியைப் போட்டு "சுத்தம்" செய்கிறேன் என்று இறங்கினால் டை சாய்ந்து உட்காரும். பித்தளைத் துருவல் சிக்கியிருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

அளவெடுத்து வையுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் பிரஸ் இப்போது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். பவுடர் அளவையிலிருந்து 20 முறை கொட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட்டு, மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் குறியுங்கள். தராசைத் தொடங்கும் முன் சோதனை எடையால் சரிபார்க்க வேண்டும். பவுடர் எடை கிரெயினில் வரும். 1 கிரெயின் என்பது சுமார் 0.0648 கிராம், எனவே தராசில் சிறு பிழையும் பெரிய பிழைதான். அதேபோல் 10 தோட்டாக்களின் மொத்த நீளத்தை வெர்னியரால் அளந்து எழுதுங்கள்.

கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுப்பதும் உதவும். கழற்றிய வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்ற கேள்விக்கு அப்புறம் வேறு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

இந்த எண்கள் இல்லாமல் செய்யும் மாற்றம் நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. "முன்னைவிட நன்றாக இருக்கிற மாதிரி தெரிகிறது" என்பது அளவு ஆகாது.

மேசையும் அடித்தளமும்

பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் என்றால் நான் இங்கேதான் செலவழிப்பேன். பிரஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆடும் மேசையில் அது பாதி பிரஸ்தான். கைப்பிடியை அழுத்தும்போது மேசையின் முன் விளிம்பு கீழே வளைகிறது. மேலே தூக்கும்போது, முக்கியமாக ரைபிள் கேஸின் கழுத்து விரிப்பானிலிருந்து இழுபட்டு வரும்போது, அதே விளிம்பு மேலே எழும்புகிறது. இந்த அசைவெல்லாம் சேர்ந்து, டைக்குள் என்ன நடக்கிறது என்று கை உணர வேண்டியதை மறைத்துவிடுகிறது. பிரைமர் குழியின் அடியில் போய் உட்காரும் அந்த மெல்லிய தட்டல், ஆடாத மேசையில்தான் கைக்குத் தெரியும்.

எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. லேசர் சுட்டி ஒன்றை பிரஸ்ஸின் உடம்பில் டேப்பால் ஒட்டி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் புள்ளி விழும்படி வையுங்கள். ஒரு கேஸை டைக்குள் ஏற்றி இறக்குங்கள். சுவரில் புள்ளி எவ்வளவு இறங்கி ஏறுகிறதோ, அதுதான் மேசையின் வளைவு, பெரிதாக்கிக் காட்டியபடி. வேலைக்குப் பிறகு இதே சோதனையைத் திரும்பச் செய்யலாம். லேசரை முகம் இருக்கும் உயரத்தில் விட வேண்டாம்.

செய்முறை இப்படி. 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டைப் பசைபோட்டு, கிளாம்ப் பிடித்து ஒட்டுங்கள். 36 மில்லிமீட்டர் தடிமனில் மேசைத் தளம் கிடைக்கும். துகள் பலகையை ஒட்டி வெனீர் பூசிய பழைய அலுவலக மேசை இதற்கு ஆகாது, போல்ட் ஓட்டையைச் சுற்றிப் பொடிந்துபோகும். பிரஸ்ஸை மரத் திருகால் பிடிக்காதீர்கள். தளத்தை முழுதாக ஊடுருவும் 8 அல்லது 10 மில்லிமீட்டர் போல்ட் (பிரஸ்ஸின் துளை எதை ஏற்கிறதோ அது) போட்டு, அடியில் வாஷருக்குப் பதிலாக 5 மில்லிமீட்டர் எஃகுத் தகடு ஒன்றை வையுங்கள். நாலு போல்ட்டும் ஒரே தகட்டைப் பிடிக்கும்போது மரம் நசுங்காது. நட்டுகள் நைலான் பூட்டு வைத்தவையாக இருக்கட்டும்.

அடுத்து மேசையையே அசையாமல் செய்ய வேண்டும். பின்பக்கத்தைச் சுவரோடு ஆங்கிள் போட்டுப் பிணைப்பது முதல் வழி. வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது என்றால் கீழ்த்தட்டில் கனம் ஏற்றுங்கள். மணல் மூட்டை, பழைய எடைத்தட்டு எதுவானாலும் சரி. புல்லட் (தோட்டாவின் முனையில் உட்காரும் குண்டு) பெட்டிகளையே அங்கே அடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் அவை தீரத் தீர மேசை மறுபடி ஆடத் தொடங்கும். பிரஸ்ஸுக்கு நேர் கீழே மேசைக்கால் ஒன்று வரும்படி இடத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். கைப்பிடி கீழே முடியும் இடத்தில் உங்கள் முதுகு குனியக் கூடாது. கேஸின் வாய் உங்கள் கண்ணுக்குக் கீழே, உள்ளே எட்டிப் பார்க்கும் கோணத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து வருவதற்குப் பெரும்பாலும் பிரஸ்ஸை மேசையிலிருந்து 15 முதல் 25 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டிவரும். 40 மில்லிமீட்டர் சதுர எஃகுக் குழாயை (சுவர் 3 மில்லிமீட்டர்) பெட்டிபோல் வெல்டிங் செய்து, மேலும் கீழும் 6 மில்லிமீட்டர் தகடு வைத்தால் அது நல்ல பீடம். வெல்டிங் வசதி இல்லாதவர்கள் கடின மரக்கட்டைகளை அடுக்கிப் போல்ட் போடலாம், ஆனால் குறுக்குத் தாங்கல் இல்லாவிட்டால் பக்கவாட்டில் ஆடும். பீடம் வைப்பதற்கு முன் அட்டைப்பெட்டி, புத்தகம் எதையாவது அடுக்கி, உட்கார்ந்தும் நின்றும் பார்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள். கைப்பிடியும் இணைப்புக் கம்பிகளும் மேசை விளிம்பில் இடிக்காமல் முழுச் சுற்று போகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஒன்றுக்கு மேல் பிரஸ் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே துளை அமைப்பில் 10 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வெட்டி வைத்துக்கொள்ளலாம். பிரஸ் தகட்டோடு நிலையாகப் பூட்டியிருக்கும், தகடு மட்டும் மேசையில் மாறும்.

வெளிச்சம்

மிகக் குறைந்த செலவு, மிகப் பெரிய பலன். காரணம் இதுதான்: வேகமாக எரியும் பிஸ்டல் பவுடர் பல நேரம் கேஸின் பாதியைக்கூட நிரப்பாது. அதனால் இரண்டு முறை கொட்டினாலும் வழியாது, புல்லட்டும் சாதுவாக மேலே உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தோட்டா துப்பாக்கியை உடைக்கும். நேர்மாறாகப் பவுடரே விழாத தோட்டாவில், பிரைமரின் வேகம் மட்டுமே புல்லட்டைத் தள்ளி, குழலின் நடுவில் நிறுத்திவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். இந்த இரண்டையும் பிடிக்கும் கடைசி வாய்ப்பு, புல்லட் வைப்பதற்கு முன் கேஸுக்குள் பார்க்கும் அந்த ஒரு பார்வை. அறை விளக்கில் அது சரியாகத் தெரியாது. உங்கள் தலையின் நிழலே கேஸுக்குள் விழும்.

5 வோல்ட்டில் ஓடும் எல்இடி பட்டை ஒன்று போதும். டைகளைத் தாங்கும் மேல்தலையின் அடிப்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, எண்ணெய்ப் பசை போன பிறகு பட்டையை ஒட்டுங்கள். ஒளி நேர் மேலிருந்து கேஸின் வாய்க்குள் இறங்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து அடிக்கும் விளக்கு கேஸின் ஒரு சுவரை மினுக்கிவிட்டு அடியை இருட்டாகவே விட்டுவிடும். இடம் இருந்தால் தலையின் நடுவில் உள்ள காலித் துளை வழியாகச் சின்ன எல்இடி ஒன்றை இறக்குவது இன்னும் நல்லது. மிதமான வெண்ணிறம், 4000 முதல் 5000 கெல்வின், கண்ணை உறுத்தாது. அதிகப் பிரகாசம் பித்தளையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்வதால், மங்கலாக்கும் சுவிட்ச் இருந்தால் வசதி.

வயரை பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் சட்டத்தின் பின்பக்கம் கட்டி, ராம் ஏறி இறங்கும் பாதையிலிருந்து விலக்குங்கள். இணைப்புகளைப் பவுடர் அளவைக்கு அடியில் வைக்க வேண்டாம். அடாப்டர் மேசையிலிருந்து தள்ளி, சுவர்ப் பக்கம் இருக்கட்டும்.

உட்கார்ந்த நிலையில் கேஸுக்குள் பார்வை எட்டவில்லையென்றால் பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற சின்னக் கண்ணாடியைக் காந்தத்தில் பொருத்தி எதிர்ப்பக்கம் வைக்கலாம். குறுங்கேமராவும் திரையும் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் திரையைப் பார்த்துப் பழகினால் கையைப் பார்க்க மறந்துவிடுகிறோம், அதனால் எனக்குக் கண்ணாடியே பிடிக்கும்.

பழைய பிரைமருக்கு ஒரு வழி

சில பிரஸ்களில் ராம் உள்ளீடற்றது, பழைய பிரைமர் அதற்குள்ளேயே கீழே இறங்கும். அப்படியானால் ராமின் அடியில் ஒளி ஊடுருவும் பிவிசி குழாயைப் பொருத்தி, மேசைக்குக் கீழே ஒரு புட்டிக்குள் விட்டுவிடலாம். பெரிய பிரைமரின் விட்டம் 0.210 அங்குலம், அதாவது 5.3 மில்லிமீட்டர்; ஆனால் குழாயின் உள்விட்டம் 10 அல்லது 12 மில்லிமீட்டராவது இருக்கட்டும். குறுகலான குழாயில் பிரைமர்கள் குறுக்கே மாட்டி அடைத்துக்கொள்ளும். குழாய் ராமோடு ஏறி இறங்கும், எனவே தளர்வு வேண்டும், ஆனால் நடுவில் தொங்கி மேலேறும் வளைவு எங்கும் இருக்கக் கூடாது. புட்டியின் மூடியில் குழாயைவிடச் சற்றுப் பெரிய துளை. காற்றுப்புகாமல் மூட வேண்டாம்.

உள்வழி இல்லாத பிரஸ்களில் பழைய பிரைமர் முன்பக்கத் தட்டில் விழும், இல்லாவிட்டால் தட்டைத் தாண்டித் துள்ளும். மெல்லிய அலுமினியத் தகட்டை மடித்துத் தட்டின் விளிம்பை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினாலே பெரும்பாலானவை அடங்கிவிடும்.

இதை வெறும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். சுட்ட பிரைமரில் ஈயத் தூசு இருக்கிறது. பெரும்பாலான பிரைமர் கலவையில் ஈய ஸ்டிஃப்னேட் உண்டு. புட்டியை வெளியில் வைத்துக் கொட்டுங்கள், கையுறை போடுங்கள், மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த துடைப்பமும் வீட்டு வாக்குவம் கிளீனரும் தூசைக் காற்றில்தான் கலக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். எப்போதாவது வெடிக்காத பிரைமரும் அந்தப் புட்டிக்குள் போயிருக்கலாம் என்ற நினைப்போடு அதைக் கையாளுங்கள். குத்துவதும் நசுக்குவதும் எரிப்பதும் கூடாது.

கைப்பிடி

உருண்டை கைப்பிடி உள்ளங்கையில் ஒவ்வொரு இழுப்புக்கும் உரசிச் சுழலும். நூறு தோட்டா தாண்டியதும் மணிக்கட்டு பேசத் தொடங்கும். சுழலும் உருளைக் கைப்பிடி இதற்கு நல்ல மாற்று, செய்வதும் எளிது.

வேண்டியவை: 608 எண் பேரிங் இரண்டு (ஸ்கேட் சக்கரங்களில் வருபவை, உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர்), நீளமான எம்8 போல்ட், 35 முதல் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடின மர உருளை 10 சென்டிமீட்டர், வாஷர்கள், நைலான் பூட்டு நட்டு. உருளையின் நடுவில் முதலில் 12 மில்லிமீட்டர் துளையை முழுதாகப் போட்டுவிட்டு, அப்புறம் இரு முனைகளிலும் 22 மில்லிமீட்டர் துளையை 7 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போட்டால் பேரிங் சரியாக உட்காரும். பேரிங்கின் வெளி வளையத்தை அழுத்தி ஏற்றுங்கள். உள் வளையத்தைத் தட்டினால் அது அப்போதே கெட்டுவிடும். இரண்டு பேரிங்குக்கும் நடுவில், போல்ட்டின் மேல், சரியான நீளத்தில் வெட்டிய ஒரு குழாய்த் துண்டை இடைவெளிக்காகப் போடுங்கள். அது இல்லாமல் நட்டை இறுக்கினால் உள் வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்பட்டு உருளை சுழலாது. போல்ட்டைக் கைப்பிடிக் கம்பியின் முனையில் செங்குத்தாக வெல்டிங் செய்யலாம், அல்லது கம்பியில் துளையிட்டு இரு பக்கமும் நட்டுப் போட்டுப் பிடிக்கலாம்.

கம்பியின் நீளம் வேறு கதை. நீட்டினால் இழுப்பு எளிதாகும், ஆனால் கையின் உணர்வு குறையும், பிரஸ்ஸின் இணைப்புக் கம்பிகளுக்கும் மேசைக்கும் அழுத்தம் ஏறும். எண்ணெய் போட மறந்த ரைபிள் கேஸ் டைக்குள் மாட்டிக்கொள்ளும்போது சாதாரணக் கைப்பிடி "இனி முடியாது" என்று சொல்லிவிடும். நீளமான கைப்பிடி கேஸின் விளிம்பையே கிழித்துக்கொண்டு வரும். எண்ணெய் தேவைப்படாத கார்பைடு டையில் பிஸ்டல் கேஸ் மட்டுமே ஓட்டுபவர்கள் கம்பியைக் குறைப்பதுதான் லாபம்: கை நகரும் தூரம் குறைகிறது, தடை இருந்தால் உடனே தெரிகிறது. மூலக் கைப்பிடியை வெட்டாமல் அப்படியே வைத்துவிட்டு, வேறொரு கம்பியில் புதிதாகச் செய்யுங்கள்.

பவுடர் தடுப்பு

பவுடர் அளவையின் குடுவை நிரம்பியிருக்கும்போது மேலிருந்து அதிக எடை அழுத்தும், காலியாகக் காலியாக அது குறையும். அளவை அறைக்குள் பவுடர் எவ்வளவு நெருக்கமாக அடங்குகிறது என்பது அதோடு மாறுகிறது. குடுவைக்குள் ஒரு தடுப்பு வைத்தால் மேலே எவ்வளவு இருந்தாலும் கீழே ஒரே அளவு எடைதான் அழுத்தும்.

கூரை வடிவத் தடுப்பு நல்லது, ஏனென்றால் பவுடர் அதன் மேல் தங்காமல் சரிந்து இறங்கிவிடும். குடுவையின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். கூரையின் இரு சரிவும் 45 பாகையில் இறங்க வேண்டுமானால், தகட்டை நீள்வட்டமாக வெட்ட வேண்டும்: குறுகிய விட்டம் குடுவையின் உள்விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவு, நீண்ட விட்டம் அதைப்போல் 1.41 மடங்கு. குறுகிய விட்டத்தின் வழியாக மடித்தால் மேலிருந்து பார்க்க வட்டமாகவே தெரியும். முதலில் தடித்த அட்டையில் வெட்டி, மடித்து, இறக்கிப் பாருங்கள். சரியாக வந்ததும் அரை மில்லிமீட்டர் அலுமினியம் அல்லது பித்தளைத் தகட்டில் அதே வடிவம்.

கீழே வரும் இரு நுனிகளிலும் பவுடர் இறங்கச் சிறு வெட்டு வேண்டும். பொடி உருண்டையான பவுடருக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் அகலம் போதும். குச்சி குச்சியான ரைபிள் பவுடருக்கு இதைவிடப் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் குச்சிகள் குறுக்கே மாட்டிப் பாலம் கட்டிவிடும். இது சின்ன விஷயம் அல்ல. பாலம் கட்டினால் பவுடர் விழாத தோட்டா வரும், அது என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். அதனால் ஒரே தடுப்பை எல்லாப் பவுடருக்கும் வைக்காமல் பெரிய வெட்டு ஒன்று, சிறிய வெட்டு ஒன்று என இரண்டு செய்யுங்கள். உங்கள் பவுடர் எதிலும் தயங்கினால் தடுப்பே வேண்டாம்.

விளிம்பையெல்லாம் அரத்தால் தேய்த்து, நுண் உப்புத்தாளால் மழமழப்பாக்கி, கழுவிக் காயவையுங்கள். உதிரும் ஒரு துருவல் அளவையின் உருளைக்குள் போனால் கோடு விழுந்துவிடும். தடுப்பு உருளைக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில், குடுவை குறுகும் இடத்தில் உட்கார வேண்டும். கம்பிக் கொக்கி ஒன்றை உச்சியில் மாட்டினால் எடுத்துச் சுத்தம் செய்யலாம். இதைப் பிளாஸ்டிக்கில் அச்சடிக்க வேண்டாம். நிலைமின்சாரம் ஏறிப் பவுடர் அதில் ஒட்டும், பிறகு அளவே மாறும். அளவையின் உலோக உடம்பிலிருந்து தரையிணைப்புக்கு ஒரு செப்பு வயர் ஓட்டினால் ஒட்டல் இன்னும் குறையும். நான் பேசுவது புகையில்லாப் பவுடரைப் பற்றி மட்டுமே; கரும்பவுடரை இந்த வகை அளவையில் போடவே கூடாது.

பவுடரை இரவு முழுக்கக் குடுவையில் விட்டுவைப்பதையும் நிறுத்திவிடுங்கள். சில பவுடர்கள் பிளாஸ்டிக்கை அரிக்கும், அதைவிட முக்கியம், மறுநாள் அது எந்தப் பவுடர் என்பதே சந்தேகமாகிவிடும்.

ஷெல் பிளேட் துள்ளல்

தானாகத் திரும்பும் புரோகிரசிவ் பிரஸ்களில், கேஸ்களைப் பிடித்து நிலைக்கு நிலை சுற்றும் தட்டான ஷெல் பிளேட் அடுத்த நிலையில் "டக்" என்று உட்காரும்போது நிரம்பிய சின்னக் கேஸ்களிலிருந்து பவுடர் தெறிக்கும். பிளேட்டுக்கு அடியில் ஒரு எஃகுக் குண்டும் ஸ்பிரிங்கும் அதைக் குழியில் பிடிக்கின்றன. ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் துள்ளல் அதிகம். மாற்று ஸ்பிரிங் ஒன்றை வாங்கி, அதில் அரைச் சுற்று வெட்டிப் போட்டுப் பாருங்கள். தேவையானால் இன்னும் அரைச் சுற்று, அதற்கு மேல் போக வேண்டாம். அதிகம் வெட்டினால் பிளேட் குழியில் நிற்காமல் கொஞ்சம் தாண்டிப் போய், பிரைமர் கேஸின் நடுவில் நுழையாமல் விளிம்பில் இடிக்கும். குண்டின் மேல் துளி கிரீஸ் உதவும்.

பிளேட்டைப் பிடிக்கும் நடு போல்ட்டின் கீழ் மெல்லிய ஊசி பேரிங் வைப்பவர்களும் உண்டு. போல்ட்டை இறுக்கினாலும் பிளேட் லேசாகச் சுற்றும் என்பதால் ஆட்டம் குறைகிறது. வைத்தால் பேரிங்கின் தடிமனைக் கவனியுங்கள்: போல்ட் அந்த அளவு மேலே எழும்பும், மரையில் பிடிக்கும் சுற்றுகள் குறையும், போல்ட்டின் தலை மேலே எதிலாவது இடிக்கலாம். இதையெல்லாம் பார்ப்பதற்கு முன், கேஸை நிலைக்குக் கொண்டுவரும் கடைசிக் கால்பங்கு அசைவில் கைப்பிடியை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பலருக்கு அதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

டை நிற்கும் விதம்

டையின் பூட்டு வளையத்துக்குக் கீழே ரப்பர் ஓ-ரிங் ஒன்றைப் போட்டு இறுக்கினால் டை இம்மியளவு மிதக்கும், புல்லட் நுழையும்போது தானே நடுவில் வந்து அமரும். சில டைகள் இப்படியேதான் விற்கப்படுகின்றன. பலன் உண்டா என்று டயல் இண்டிகேட்டர் வைத்து புல்லட்டின் சாய்வை அளந்து பாருங்கள், குறையவில்லையென்றால் கழற்றிவிடலாம். கேஸின் அளவைத் திருத்தும் டைக்கு மட்டும் ஓ-ரிங் வேண்டாம், அது உறுதியாக நிற்க வேண்டும்.

வீட்டு அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு

முப்பரிமாண அச்சில் செய்யத் தகுந்தவை நிறைய: புல்லட் தட்டு, கேஸ் தட்டு, நிறைந்த தோட்டா சரிந்து விழும் சறுக்கு, வெர்னியர் மாட்டும் கொக்கி. பவுடரும் பிரைமரும் தொடும் பாதை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அருகில் இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் கொட்டகையில் வேலை செய்பவர்கள் அதைவிடச் சூடு தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக் பயன்படுத்துவது நல்லது. தட்டுகளைப் பிரஸ்ஸின் சட்டத்தில் புதுத் துளை போட்டு மாட்டாதீர்கள். இருக்கிற போல்ட்டுக்குப் பதிலாக நீளமான போல்ட்டை மாற்றிப் பிடிக்கலாம், அல்லது மேசையில் நிறுத்தலாம். புல்லட் தட்டை இடக்கை இயல்பாக விழும் இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கொஞ்சம் நேரம் மிச்சம், அதைவிடப் பார்வை கேஸைவிட்டு விலகுவதில்லை.

எண்ணும் கருவி வேண்டுமா? கையால் அழுத்தும் இயந்திர எண்ணியை ராம் மேலே வரும் இடத்தில் தொடும்படி மாட்டுங்கள். மின்கலமே தேவையில்லை.

மோட்டார்

இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கார் கண்ணாடித் துடைப்பான் மோட்டாரை எடுத்து, சங்கிலி போட்டு, பிரஸ்ஸைத் தானாக ஓட வைக்க முடியுமா? முடியும். செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. பிரைமர் சாய்ந்து நுழையும்போது கை ஒரு கணம் தயங்கும், அந்தத் தயக்கத்தில்தான் விபத்து நிற்கிறது. மோட்டார் தயங்காது, நசுக்கிவிட்டுத்தான் நிற்கும். தொழிற்சாலை தயாரிப்புகளில் விசை எல்லைக் கட்டுப்பாடும் உணரிகளும் இருக்கின்றன. வீட்டில் அதே தரத்தில் செய்வது பெரும்பாலும் நடக்காது. ஐந்து நிலைப் பிரஸ் இருந்து அதில் ஓர் இடம் காலியாக இருந்தால், பவுடர் அளவு கூடினாலோ குறைந்தாலோ ஓட்டத்தை நிறுத்தும் சோதனை டையை அங்கே வாங்கிப் பொருத்துங்கள். அந்தப் பணம் மோட்டாரைவிட நல்ல இடத்தில் போகும்.

மீண்டும் ஓட்டத் தொடங்கும் முறை

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால், கெட்டது எதனால் என்று தெரியாது.

முதல் ஓட்டம் பவுடரும் பிரைமரும் இல்லாமல். குடுவை காலி, பிரைமர் குழாய் காலி. பழைய கேஸ்களை ஏற்றி, கைப்பிடியைப் பாதியில் நிறுத்தி, பின்னுக்கு எடுத்து, மறுபடி முன்னுக்குத் தள்ளி, எங்காவது உரசுகிறதா என்று கேளுங்கள். எல்இடி வயர், பிவிசி குழாய், தட்டின் மூலை, மூன்றையும் கண்ணால் பின்தொடருங்கள். போல்ட்டுகளில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஐம்பது சுற்றுக்குப் பிறகு கோடு விலகியிருந்தால் அது தளர்கிறது.

இரண்டாவது, பவுடர் மட்டும். புதுப் பிரைமர் போடாத கேஸ்களில் கொட்டுங்கள்; அடியில் ஒழுகாமல் இருக்க ஏற்கெனவே சுட்ட பிரைமர் இருக்கும் கேஸ்களைப் பயன்படுத்தலாம். முன்பு எழுதிய அதே 20 எடைகளைத் திரும்ப எடுங்கள். வேறுபாடு குறைந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் கூடாமல் இருக்க வேண்டும். குடுவை நிறைந்திருக்கும்போது பத்து, கால்வாசியாகும்போது பத்து எடுத்தால் தடுப்பின் வேலை நன்றாகத் தெரியும். கூடியிருந்தால் அந்த மாற்றத்தைக் கழற்றுங்கள், எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும்.

மூன்றாவது, பிரைமர். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முதல் பத்துக்குக் குழாயில் பத்து மட்டுமே போடுங்கள். ஒவ்வொன்றும் கேஸின் அடிப்பரப்புக்கு இம்மியளவு உள்ளே, நேராக அமர்ந்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவியும் வெளிச்சத்தில் சாய்த்தும் பாருங்கள். துருத்திக்கொண்டிருந்தால் ஷெல் பிளேட்டின் இடம், மேசையின் ஆட்டம், கைப்பிடியின் முழு ஓட்டம் இவற்றில் ஒன்று பெரும்பாலும் காரணமாக இருக்கும். அமர்ந்துவிட்ட பிரைமரை மறுபடி ஓங்கி அழுத்த வேண்டாம்.

இது எல்லாம் சரியாக வந்த பிறகுதான் முழுத் தோட்டா. முதல் பத்தின் நீளத்தைப் பழைய எண்களோடு ஒப்பிட்டு, நோட்டில் மாற்றத்தின் பெயரையும் தேதியையும் எழுதி, கழற்றிய மூலப் பாகங்களை ஒரு சிறு பெட்டியில் போட்டு, எந்த இடத்திலிருந்து வந்தவை என்று துண்டுச் சீட்டு எழுதி உள்ளே வையுங்கள்.